பதினெட்டுக் குழி கண்டவர்

உலகத்தில் எதையும் பார்க்காமலே பேசுகிறவர்கள் உண்டு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாயே திறக்காதவர்களும் உண்டு. நான் உங்களுக்குக் காட்டப்போவது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம். இவர் ஒரே ஓர் இடத்துக்கு ஒரே ஒரு முறை போனவர். போன பிறகு திரும்பி வராதவர். உடம்பு மட்டும் வந்துவிடும். வேலைக்குப் போகும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும், கொசு கடித்தால் சொறிந்துகொள்ளும். ஆனால் ஆள் இன்னும் அங்கேதான் இருப்பார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர், போய்வந்தவர்.

இவரை எப்படிக் கண்டுபிடிப்பது? மிகவும் சுலபம். அவர் பேச்சில் ‘அங்கே’ என்ற சொல் வரும். உடனே நீங்கள் ‘எங்கே?’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இருமுவார். அப்போதும் கேட்காவிட்டால் மணிக்கட்டை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டி மணி பார்ப்பார். அங்கே கடிகாரம் இருக்காது. அறை எண் எழுதிய ஒரு நீல நிறக் காகிதப் பட்டை இருக்கும், வியர்வையிலும் சோப்பிலும் நைந்து, எண் அழிந்து, செல்லோ டேப் ஒட்டி உயிர் பிழைத்துக்கொண்டிருக்கும். இப்போதாவது கேட்டுவிடுங்கள். நமக்கும் வேறு வேலை இருக்கிறது.

எங்கள் தெருவின் போய்வந்தவர் அருணாச்சலம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அந்தக் கம்பெனிக்குப் பிளாஸ்டிக் குருணை விற்கும் வியாபாரி ஒருவர் ஒரு குலுக்கல் நடத்தினார். சீட்டில் இவர் பெயர் வந்தது. பரிசு என்ன தெரியுமா? மலை உச்சியில் ஒரு சொகுசு விடுதி. தம்பதியாக இரண்டு ராத்திரி தங்கலாம். கோல்ஃப் ஆட மைதானம் உண்டு. உடம்பைப் பிடித்துவிட ஸ்பா உண்டு. அருணாச்சலம் தன் மனைவி கன்னியம்மாவை அழைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஸ்வெட்டரோடு மலையேறினார்.

இறங்கி வந்தவர் வேறு மனிதர்.

மறுநாள் காலையில் கெங்கம்மாள் டீக்கடையில் அவர் டீ கிளாசைக் கையில் வாங்காமல் சற்று நேரம் காத்து நின்றார்.

“இன்னா நைனா, டீ ஆறிப்போவுது,” என்றாள் கெங்கம்மாள்.

“முதல்ல வெல்கம் டிரிங்க் குடுக்கணும் கெங்கம்மா. அங்க வண்டியில இருந்து கால கீழ வெக்கறதுக்குள்ள குடுத்துட்டான்.”

“எங்க?”

பாவம், கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கடையில் அன்று வடை போடவில்லை.

அங்கே காற்றுக்கே வாசனை உண்டாம். அங்கே துண்டை அன்னப்பறவை போல மடித்துப் படுக்கையில் உட்கார வைத்திருப்பார்களாம். அங்கே யாரும் சத்தமாகப் பேச மாட்டார்களாம், தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார்களாம். அங்கே குப்புறப் படுக்க வைத்து முதுகில் சூடான கற்களை வரிசையாக அடுக்குவார்களாம்.

“அடப்பாவமே,” என்றாள் கெங்கம்மாள். “அப்படி இன்னா தப்பு பண்ணே நீ?”

“அது சிகிச்சை கெங்கம்மா! ஸ்பா!”

அப்புறம் கோல்ஃப். போய்வந்தவரின் கிரீடம் அதுதான். கண்ணுக்கு எட்டிய தூரம் புல். புல்லில் பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழிக்கும் ஒரு கொடி. ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்குப் போக பேட்டரி வண்டி. “முதல் அடியிலேயே பந்து எங்க போச்சுன்றே? மேகத்துக்குள்ள போச்சு!” என்று அவர் கையைத் தூக்கியபோது, அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஸ்டீவன் வாயைத் திறந்தார். ஸ்டீவன் இரும்பு உருக்கும் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர், அருணாச்சலத்தின் நெடுநாள் நண்பர்.

“பதினெட்டுக் குழிக்கு மலைக்கு ஏன்பா போனே? நம்ம சிப்காட் ரோட்டுல ஸ்டேஷன்ல இருந்து உங்க கம்பெனி கேட் வரைக்கும் எண்ணிக்கினு போ. முடியறதுக்குள்ள உனுக்கு ரிட்டயர்மெண்ட் வந்துரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்கவில்லை. அவள் மெர்சி, அருணாச்சலத்தின் ஷிப்டில் மெஷின் ஓட்டுகிறவள். ஏன் சிரிக்கவில்லை என்று பிறகு சொல்கிறேன்.

போய்வந்தவரின் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை. கறிக்குழம்பு கொதிக்கிறது. அருணாச்சலம் கண்களின் மேல் வெள்ளரித் துண்டுகளை வைத்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறார். கன்னியம்மா வருகிறாள். துண்டுகளை எடுக்கிறாள். உப்புப் போட்டுத் தின்றுவிட்டுப் போகிறாள்.

அவளிடம் யாராவது அந்த மலையைப் பற்றிக் கேட்டால் அவள் சொல்வது ஒன்றுதான்: “ரெண்டு நாளு யாரும் என்னைப் பார்த்து ‘சாப்பாடு ரெடியா’ன்னு கேக்கல. அது நல்லாருந்துச்சு.” அவ்வளவுதான். அவளும் போய்வந்தவள்தான், ஆனால் திரும்பி வந்துவிட்டாள். இனம் வேறு.

இந்த நிலையில் ஸ்டீவன் ஒரு காரியம் செய்தார். உருக்குவதற்காக வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் வரும் பழைய இரும்புக் குவியலில் துருப்பிடித்த கோல்ஃப் மட்டை ஒன்று கிடந்ததாம். கேட்டு வாங்கிவந்து நண்பனிடம் கொடுத்தார். பந்து ஏற்கெனவே இருந்தது. விடுதியிலிருந்து கிளம்பும்போது அது தானாகவே அருணாச்சலத்தின் பாக்கெட்டுக்குள் வந்து விழுந்துவிட்டது என்று அவர் சொல்கிறார். நாமும் நம்பிவிடுவோம். மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் பால் வாங்கப் போகும் அழகைப் பார்க்க வேண்டுமே! தெரு நாய்கள் மட்டும்தான் அதை மரியாதையோடு பார்த்தன.

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. வினை எப்போது வந்தது? கம்பெனிக்குப் புது மேலாளர் வந்தபோது வந்தது.

மேலாளர் ரகுநந்தனுக்குத் திருவள்ளூர் சொந்த ஊர். கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். பல வருடம் வடக்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர். வந்த முதல் நாளே எல்லோரையும் கூட்டி வைத்து, “பொறுமைன்னா என்னன்னு எனக்குக் கத்துக்குடுத்தது கோல்ஃப்” என்றார். அவர் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தது ஒரு கோல்ஃப் பந்து. உடனே ஆளுக்கு ஆள் கை நீட்டினார்கள்: “சார், நம்ம அருணாச்சலம் அண்ணனும் ஆடுவாரு சார்!”

மேலாளர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். டீ கொண்டுபோனவர் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அந்தப் புல் இருக்கே...” என்றாராம் மேலாளர்.

“ஆமா சார், புல்லு...”

“பச்சைப்பசேல்னு...”

“ரொம்பப் பச்சை சார்.”

“குழி...”

“அதுவும் இருந்துச்சு சார்.”

இப்படியே அரை மணி நேரம். இரண்டு பேரும் வெளியே வந்தபோது தோளோடு தோள் உரசியது. இதைப் பார்த்த மெர்சிக்கு ஒரு யோசனை தோன்றியது.

அவள் சிரிக்காததன் காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் இறங்கிக் கம்பெனிக்கு வரும் பெண்கள் அந்தச் சிப்காட் ரோட்டில்தான் நடக்க வேண்டும். ஒரு பக்கம் டிரெய்லர் லாரி, மறு பக்கம் சாக்கடை, நடுவில் குழி. போன மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி ரோடு எது, குழி எது என்று தெரியாமல் கிடந்தது. லாரிக்கு ஒதுங்கிய அவர்களில் ஒருத்தி, மோனிகா, இடுப்பளவு பள்ளத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். இப்போதும் அந்தக் கையால் குடத்தைத் தூக்க முடியவில்லை. ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்கு ஒரு வேன் விடுங்கள் என்று பழைய மேலாளரிடம் கேட்டுக் கேட்டு இவர்கள் வாய் வலித்ததுதான் மிச்சம். அடுத்த மழை நெருங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, அந்த சாரு உன்னாண்டதான் சிரிச்சுப் பேசறாரு. வேன் மேட்டரை நீ கேளுண்ணே,” என்றாள் மெர்சி.

வேறு யாராவது என்றால் ‘பார்க்கலாம்மா’ என்று நழுவியிருப்பார்கள். போய்வந்தவர் நழுவ மாட்டார். மார்பை நிமிர்த்தினார்.

“இங்க கேட்டா நடக்காது மெர்சி. ஆடச்சொல்லோ கேக்கணும். அங்கல்லாம் பெரிய பெரிய டீலிங்கே புல்லு மேல நடந்துகினேதான் முடியும். சாரோட ஒரே ஒரு கேம். வேன் உன் ஊட்டு வாசல்ல நிக்கும்.”

எப்படி இருக்கிறது? மெர்சி போய் மேலாளரிடமே சொல்லிவிட்டாள், அண்ணன் உங்களோடு ஆட ஆசைப்படுகிறார் என்று. சுற்றிலும் ஆட்கள். மேலாளர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பிறகு, “ஆடிட்டாப் போச்சு! ஆயுத பூஜை அன்னிக்குக் குடும்பத்தோட எல்லாரும் வாங்கோ. பின்னாடி மைதானத்துல நானும் அருணாச்சலமும் ஆடறோம்!” என்று அறிவித்துவிட்டார்.

மைதானமா அது? சீமைக்கருவேலங் காடு. பெண்கள் ஷிப்ட் முடிந்த பிறகு நின்று முள் வெட்டினார்கள். கை முறிந்த மோனிகாகூட ஒற்றைக் கையால் கல் பொறுக்கினாள். குழி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. கம்பெனித் தோட்டக்காரர் வீரராகவனுக்குத் தெரிந்த குழி ஒன்றுதான், தென்னங்கன்று வைக்கும் குழி. கடப்பாரையால் அதையே வெட்டினார். ஓர் ஆள் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். பக்கத்தில் கொடிக்குப் பதிலாக, கிரேன் வேலை நடக்கும்போது நடுகிற சிவப்பு எச்சரிக்கைக் கொடியை நட்டார்கள். பொருத்தமான கொடிதான்.

பூஜைக்கு முதல் நாள் மாலை அருணாச்சலம் வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா ஆச்சு?” என்றாள் கன்னியம்மா.

“தோள்பட்டை வலி. நாளைக்கு ஆட முடியுமோ முடியாதோ.”

“தோள்பட்டையா? அங்க பேட்டரி வண்டியில குந்திகினு ஆரன் அடிச்சுகினே சுத்தனயே, அதுல வந்த வலியா? மட்டையத் தொட்டியா நீ? அந்தாளு ‘ஆடறியா சார்’னு நீட்டனப்ப ‘லேட்டர், லேட்டர்’னு சொல்லிட்டு ஓடினவன்தானே!”

“மெதுவாப் பேசுடி! பேஜாராப் போச்சு. இப்ப இன்னா பண்றது?”

“உண்மைய சொல்லு.”

“அத வுடு. வேற எதுனா சொல்லு.”

வேறு எதுவும் அவளிடம் இல்லை. ஆனால் போய்வந்தவரின் மூளை ஆபத்தில்தான் வேலை செய்யும்.

ஆயுத பூஜையன்று எல்லோருக்கும் முன்பே அருணாச்சலம் கம்பெனிக்குப் போய்விட்டார். ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் செய்வது போலவே மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுக் கோல்ஃப் மட்டையை நுனி முதல் அடி வரை துடைத்துப் பளபளப்பாக்கினார். சந்தனம், குங்குமம் வைத்தார். சரஸ்வதி படத்தின் முன்னால் கருவிகளின் நடுவில் படுக்க வைத்து, மேலே ஒரு முழம் சாமந்தியையும் சுற்றினார். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து முடிந்ததும் கூட்டம் முழுவதும் மைதானத்தைப் பார்த்துத் திரும்பியது.

அருணாச்சலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஐயோ சார், மட்டை பூஜையில கீதே! பூஜையில வெச்ச ஆயுதத்த இன்னிக்கு எடுக்கலாமா?”

எல்லோரும் மேலாளர் முகத்தைப் பார்த்தார்கள். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தார்கள். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம்!

“கூடாது! தொடவே கூடாது! எங்காத்துல இன்னிக்குப் பேனாவைக்கூடத் தொட மாட்டா. பெருமாளே, நல்ல வேளை ஞாபகப்படுத்தினே அருணாச்சலம்!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே குலுக்கினார்.

மெர்சி சுண்டலை மென்றுகொண்டே கேட்டாள்: “அப்ப நாளைக்கு எடுக்கலாம்ல சார்? வருஷா வருஷம் விஜயதசமிக்குக் காலையில வந்து மெஷின ஒரு சுத்து ஓட்டிட்டுதானே போவோம். நாளைக்குத் தொட்டா எல்லாம் நல்லா வரும்னு நீங்கள்லாம்தானே சொல்வீங்க.”

குலுக்கிக்கொண்டிருந்த இரண்டு கைகளும் அப்படியே நின்றன.

விஜயதசமி விடிந்தது. முந்தின நாளைவிடக் கூட்டம் அதிகம். கெங்கம்மாள் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். எங்கள் தெருவே மதில் ஓரம் நின்றது. மெர்சியும் மோனிகாவும் முன் வரிசையில். அவர்கள் கண் பந்தில் இல்லை, அருணாச்சலத்தின் வாயில் இருந்தது. எப்போது கேட்பார்? நடக்கும்போது கேட்பாரா, அடித்த பிறகு கேட்பாரா?

அருணாச்சலம் பந்தை மண்ணில் வைத்தார். ஸ்வெட்டர் போட்டிருந்தார். கும்மிடிப்பூண்டியில், பத்து மணி வெயிலில், ஸ்வெட்டர்! இடுப்பை இப்படி ஆட்டினார், அப்படி ஆட்டினார், மேகத்தைப் பார்த்தார். மட்டையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் முழு மூச்சோடு வீசினார்.

நேற்றுத் தடவிய மெஷின் எண்ணெய் சும்மா இருக்குமா? மட்டை அவர் கையிலிருந்து வழுக்கி, வானத்தில் சக்கரமாகச் சுழன்று, சாமந்திப் பூவைச் சிதறிக்கொண்டே போய், தென்னங்குழிக்குள் சொத்தென்று விழுந்தது.

பிறகு விசில்! கைதட்டல்! “விழுந்துருச்சு! குழியில விழுந்துருச்சு!” என்று மோனிகா துள்ளினாள். வீரராகவன் துண்டைச் சுழற்றினார்.

“பிரமாதம்! என்ன ஷாட்! என்ன ஷாட்!” என்று மேலாளரும் கைதட்டினார்.

கன்னியம்மா மெதுவாக முன்னே வந்தாள். “சார், பந்து இங்கயே கீது சார்.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கீதுதான்.

கைதட்டல் ஒவ்வொன்றாக அணைந்தது. கடைசியாக நின்றது மேலாளருடையது. ஸ்டீவன் குழியில் இறங்கி மட்டையை எடுத்துத் தன் லுங்கியில் துடைத்து அவரிடம் நீட்டினார். “நீங்க அடிங்க சார். இவன் கெடக்கறான்.”

ரகுநந்தன் மட்டையை வாங்கினார். கிரிக்கெட் மட்டை போலப் பிடித்தார். சரியில்லை. கடப்பாரை போலப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கிப் போட்டார். பூமி பெயர்ந்தது. ஒரு பெரிய மண்கட்டி கிளம்பி அவர் வெள்ளைச் சட்டையிலேயே வந்து உட்கார்ந்தது. பந்து அசையவில்லை. அந்தப் பந்தைப் போல நிதானம் எனக்கும் வேண்டும் என்று அன்று தோன்றியது.

மெர்சி கேட்டாள்: “சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க எத்தினி வாட்டி ஆடியிருக்கீங்க?”

மேலாளர் சட்டையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அருணாச்சலத்தைப் பார்த்து, அவருக்கு மட்டும் சொல்வது போல மெல்லச் சொன்னார்: “ஒரே ஒரு தடவை மீட்டிங்னு கம்பெனி கூட்டிண்டு போச்சு. மூணு நாளும் மழை. ஜன்னல் வழியாத்தான் புல்லைப் பார்த்தேன்.”

அருணாச்சலத்தின் கண் விரிந்தது. “துண்டை அன்னப்பறவை மாதிரி மடிச்சு வெச்சிருந்தாங்களா சார்?”

“ரெண்டு வெச்சிருந்தா! பிரிக்க மனசே வரலை, ஈரத்தோடயே நின்னேன்.”

“கல்லு வெச்சாங்களா சார், முதுகுல?”

“சுட்டுதுய்யா!”

“எனுக்கும் சார்! வெளிய சொல்ல முடியல சார்!”

இரண்டு பேரும் குழியின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வெல்கம் டிரிங்க்கில் மிதந்த இலை என்ன இலை என்பதில் தொடங்கி, பேச்சு எங்கெங்கோ போனது. அடடா, தன் இனத்தைச் சந்தித்துவிட்ட ஆனந்தம்! கூட்டம் கலையத் தொடங்கியது. வேன்? அதை அருணாச்சலம் மறந்தே போனார். அங்கே வேன் இல்லையே!

மெர்சி மறக்கவில்லை. மோனிகாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழியின் எதிர் விளிம்பில் போய் நின்றாள்.

“சார், குழியில மட்டை வுழுந்ததுக்கே இவ்ளோ பேரு கை தட்டுனீங்க. இவ குழியில வுழுந்து கை ஒடிஞ்சப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ஸ்டேஷன்ல இருந்து ஒரு வேன் வேணும் சார். மழை வரப்போவுது.”

மேலாளர் மோனிகாவின் வளைந்த முழங்கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். “இதை ஏம்மா யாரும் எங்கிட்ட சொல்லலை?”

“அருணாச்சலம் அண்ணன் புல்லு மேல சொல்றேன்னாரு சார். அந்தப் புல்லு இன்னும் மொளைக்கல.”

பிறகு மிகவும் பணிவாக, “இன்னிக்கு நடந்தத நாங்க ஹெட் ஆபீஸ்காரங்களாண்ட மூச்சு வுடமாட்டோம் சார்,” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

தீபாவளி முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று காலை ஸ்டேஷன் வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. இரக்கத்தால் வந்ததா, பயத்தால் வந்ததா என்று கேட்காதீர்கள். பெருமழைக்கு முன்னால் வந்தது. குழியில் வீரராகவன் தென்னங்கன்று வைத்துவிட்டார்.

அருணாச்சலம் திருந்திவிட்டாரா என்றால், போய்வந்தவர் திருந்தியதாகச் சரித்திரம் இல்லை. இப்போது அவருக்கு ஒரு துணையும் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தென்னங்கன்றுப் பக்கம் இரண்டு நாற்காலிகள் போட்டு இருவரும் உட்கார்கிறார்கள். போன வாரம் மெர்சி கெங்கம்மாள் கடையில் டீயை வாங்கியபடியே, “எங்க வேன்ல கீற ஏசி இருக்குதே...” என்று ஆரம்பித்தாள். நோய் தொற்றிக்கொண்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பிறகு எழுந்துபோய் உங்கள் குளியலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். ஏதோ ஒரு விடுதியிலிருந்து கொண்டுவந்த சின்ன ஷாம்பு பாட்டில் ஒன்று, எப்போதோ தீர்ந்துபோய், விருந்தாளி வரும் நாளில் மட்டும் முன்னால் நகர்த்தி வைக்கப்பட்டு, அங்கே நிற்கவில்லையே? நின்றால் இப்போதே தூக்கிப் போடுங்கள். மனசு வரவில்லையா? கவலை வேண்டாம். தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் மூன்றாவது நாற்காலி போட இடம் இருக்கிறது. நீங்கள் வந்து உட்கார்ந்ததும் இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்பார்கள்:

“உங்களுக்கும் கல்லு வெச்சாங்களா?”